அடுக்களை வழியே ஒரு மரபு

சிபி ஓங்கிய முதல் அடியில் சுவர் அசையவில்லை. அலமாரியில் உப்பு வைத்திருந்த பீங்கான் பரணிதான் விழுந்து உடைந்தது.

"பைய அடிலே, பைய," என்றான் ரெஜித். "ஆதித்யன் சாறு இன்னும் லைவ் போடல்ல."

சிபி கொத்தனார் சம்மட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சுவரை அண்ணாந்து பார்த்தான். "அண்ணா, எவ்வளவு இடிக்கணும்? ஆள் போற அளவா, பெட்டி போற அளவா?"

"அம்மை போற அளவுக்கு."

ரெஜித்தின் தங்கை பிஜி அடுக்களை வாசலில் நின்று உப்பையும் பரணித் துண்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில், வாடகைக் குளிர்பெட்டிக்குள் அம்மை ஓமனா கிடந்தாள். நேற்று மாலை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தறியாதவள் இப்போது ஒரு இயந்திரம் முனகி முனகிக் குளிரூட்ட, மூக்கில் பஞ்சோடு சுகமாகப் படுத்திருந்தாள்.

இந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துத் தா என்று அம்மை மகனிடம் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். புகை கண்ணைத் தின்னுது மக்கா என்பாள். ரெஜித் ஒவ்வொரு தடவையும் வாஸ்து என்பான். அக்னி மூலையில் ஓட்டை போட்டால் குடும்பத்தலைவனுக்கு ஆகாதாம். குடும்பத்தலைவன் என்று அவன் சொன்னது தன்னைத்தான். வரப்போகிற பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டுக்கு நிற்க ஆசைப்படுகிறவன் தன் உடம்பை அப்படித்தானே காப்பாற்ற வேண்டும். உயிரோடு இருந்த அம்மைக்காக ஒரு செங்கல்லை உருவாதவன், செத்த அம்மைக்காகச் சுவரையே பெயர்க்க ஆள் கூட்டி வந்திருந்தான். அக்னி மூலையைப் பற்றி இன்றைக்கு அவன் வாய் திறக்கவில்லை.

எல்லாம் ஒரு பத்து மார்க்கில் தொடங்கியது.

அமரவிளையில் போட்டோஸ்டாட் கடையில் இருக்கும் பிஜி, கல்யாணத்தோடு விட்டுப்போன பட்டப்படிப்பை ஆன்லைனில் மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு தாள் 'தொன்மமும் நாட்டார் மரபும்'. நடத்தியவர் டாக்டர் ஆதித்யன். 'சார்' என்பது இந்த ஊர் வாயில் சாறு. நெய்யாற்றின்கரையில் மாடி வீட்டில், ஏசி அறையில் இருந்துகொண்டு கிராமத்தைப் பற்றிப் பேசுவார். பின்னால் புத்தக அலமாரி, பக்கத்தில் ஏற்றாத குத்துவிளக்கு. "வணக்கம், மண்ணின் பிள்ளைகளே" என்று ஆரம்பிப்பார். மண்ணின் பிள்ளைகள் உடனே கேமராவை அணைத்துவிட்டு மீன் வாங்கப் போவார்கள், தூங்கப் போவார்கள். பிஜி ஆதார் கார்டுகளை நகல் எடுத்தபடியே கேட்பாள். சாறுக்கு உலகத்தில் எதுவும் அதுவாகவே இருக்கக் கூடாது. உலக்கை உலக்கை இல்லை, கிணறு கிணறு இல்லை. ஒருநாள் யாரோ ஒரு மாணவி தெரியாமல் மைக்கைத் திறந்து வைக்க, அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அதையும் அவர் விடவில்லை.

வீட்டுப் பெரியவரிடம் ஒரு வாய்மொழிக் கதை கேட்டுப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். பிஜி போனைக் கொண்டுபோய் அம்மையின் முன்னால் தேங்காய்ச் சிரட்டை மேல் சாய்த்து வைத்தாள். அம்மை சாளை அரிந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு கதையும் அறியாது பிள்ளே. எனக்க அம்மை கதையா சொன்னா? அடியாக்கும் தந்தா."

"பத்து மார்க்கு உண்டும்மா."

"பத்தா?" அம்மை கன்னத்தில் ஒட்டிய மீன் செதிலை முழங்கையால் துடைத்தாள். "அப்படின்னா இரு."

அப்போதுதான் குளத்தங்கரைப் பாக்கியத்தி பிறந்தாள். ஊர் அடங்கினபிறகு வீடு வீடாக வந்து புட்டுக்குடத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போய்க் குளத்துக்குள் ஒளித்து வைக்கும் யட்சி. விடியும்போது குளத்தின் மேல் புகைபோல எழும்புவது அவள் புட்டு அவிக்கிற ஆவி. போனில் பதிவு நின்றதும் அம்மை வேலியைத் தாண்டிக் கண்ணைக் காட்டினாள். அடுத்த வீட்டுப் பாக்கியம் மகள் கல்யாண வீட்டுக்கென்று புட்டுக்குடம் இரவல் வாங்கிப் போயிருந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்து அது நடக்கவும் தொடங்கிவிட்டது, குடம் மட்டும் திரும்பவில்லை.

பத்துக்குப் பத்து. போதாததற்கு ஐந்தாம் வாரம் முழுவதும் சாறு அதைப் பற்றியே பேசினார். பாடத்தின் தலைப்பு 'புட்டுக்குடமும் கருப்பையும்'. பிஜி ஒலியைக் கூட்டி வைத்து அம்மைக்குக் கேட்கக் கொடுத்தாள். அம்மை கொஞ்ச நேரம் மரியாதையோடு கேட்டாள்.

"இந்த மனுசனுக்குப் பெண்டாட்டி உண்டா?"

"உண்டும்மா."

"பாவம், அவ."

மறுவாரம் சாறு நேரில் வந்தார். இரண்டு மைக், ஒரு முக்காலி, ஒரு பொன்னாடை. அம்மையை 'மரபின் கடைசிச் சுடர்' என்றார். சுடருக்கு ஏழு மணி சீரியல் பார்க்க வேண்டியிருந்தது. ஏழும் ஆனது. அவர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. "உங்கள் தாய்வழியில் ஒரு பெண் எப்படி விடைபெறுகிறாள், அம்மா?" என்று கேட்டார். அம்மை புகையேறிக் கறுத்த அடுக்களைச் சுவரைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். "எங்க குடும்பத்துல பெண்ணு செத்தா முன்வாசல் வழி எடுக்கமாட்டோம் சாறே. அடுக்களைச் சுவரை இடிச்சு அந்த வழியாக்கும் கொண்டு போவோம்" என்றாள். சாறு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு எழுந்து போனார். அன்றைக்கு சீரியலில் பாதிதான் கிடைத்தது.

அம்மை அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் சிரிப்பு நின்றுவிட்டது. மூச்சுக் குழாயை ஒதுக்கிவிட்டுப் பிஜியின் கையைப் பிடித்தாள்.

"ஒரு காரியம் கேளு மக்கா. நான் சொன்னதைப் பிடிச்சுகிட்டு இவனுவ என்னை அடுக்களை வழி கொண்டு போயிருவானுவ. ரெஜித்துக்கு அந்தச் சாறு தேவனாக்கும். அந்த வீட்டுல நான் எந்நேரமும் பின்வாசல்தான். சாணிக்கும் கிணத்து வெள்ளத்துக்கும் வெறகுக்கும். செத்த அன்னைக்காவது ஆளுகளைப் போல முன்வாசல் வழி போகணும். நீ பாத்துக்கணும், கேட்டியா?"

பிஜி பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டியிருந்தாள். தலையாட்டுவது சுலபம். இப்போது சிபி இரண்டாவது அடிக்கு ஓங்கினான்.

அதற்குள் முற்றத்தில் சத்தம். டாக்டர் ஆதித்யன் வந்துவிட்டார். கறுப்புக் குர்தா, கழுத்தில் ருத்திராட்சம், கையில் முக்காலி. துக்க வீட்டுக்கு வந்தவர் முதலில் எங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பார்த்தார். முக்குச் சந்திப்பில் அவரும் இருக்கிற பிளக்ஸ் ஏற்கெனவே நின்றது. 'மரபின் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி'. ஒரு மூலையில் அம்மை, அவளைவிடப் பெரிதாகச் சாறு, சாறைவிடப் பெரிதாக, காதில் போனை வைத்துக்கொண்டு, ரெஜித். செத்தது யார் என்று வழியில் போகிறவர்கள் குழம்பியிருப்பார்கள்.

"மண்ணின் பிள்ளைகளே," என்று சாறு போனைப் பார்த்துத் தழுதழுத்தார். "இன்று வகுப்பறை இல்லை. இன்று வாழ்க்கை." திரையில் பெயர்கள் ஓடின. கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ஒரு பையன், "சார், இதற்கு அட்டெண்டன்ஸ் உண்டா?" என்று கேட்டிருந்தான்.

பிஜி அவரை வேலிப்பக்கம் ஒதுக்கிக் கூட்டிப் போனாள். சுற்றி வளைக்கவில்லை.

"சாறே, அந்தச் சடங்கு பொய்யாக்கும். அம்மை உங்களை அனுப்புயதுக்காகச் சொன்னது. சீரியலுக்கு நேரமாச்சுன்னு."

சாறு அவளை ஒரு கஷ்டமான கேள்விக்குத் தப்பான பதில் எழுதிய பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அற்புதம்," என்றார். "மறுப்பு! வாரிசு மரபை மறுப்பதும் மரபின் ஒரு வடிவம்தான் பிஜி. ஏழாம் வாரத்தில் பார்த்தோமே. நாட்டார் மரபில் பொய் என்று ஒன்று கிடையாது. சொல்லப்பட்டதெல்லாம் உண்மை. இதையே கேமரா முன்னால் சொல்ல முடியுமா?"

"பாக்கியத்தியும் பொய்யி. அது அடுத்த வீட்டு மாமி. புட்டுக்குடம் எடுத்துட்டுப் போனவ."

"நிஜ மனிதர்கள் தெய்வமாவது உலகமெங்கும் உண்டு," என்றார் சாறு.

அந்த நிஜ மனுஷி முன்னறையில் குளிர்பெட்டியின் தலைமாட்டில்தான் இருந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம், "எனக்க பேருள்ள தேவியாக்கும். ஓமனாவுக்கு என்மேலே அவ்வளவு இஷ்டம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிஜிக்கு அவளை அடிக்கவும் தோன்றவில்லை.

கடைசியாகச் செல்லையன் மாமாவிடம் போனாள். அம்மையின் ஒரே அண்ணன், இந்தக் குடும்பத்துப் பழக்கவழக்கம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். டார்பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நம்ம வீட்டுல யாரையாவது சுவரை இடிச்சு எடுத்தது உண்டா?"

மாமா ஆதித்யனின் போன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். தன் பக்கம்தான்.

"உண்டா என்னா? எனக்க பாட்டியை எடுத்தது நல்ல ஓர்மை உண்டு. நான் கொச்சுப் பயலு. சுவர் இடிஞ்சு ஒரே மண்ணுப் பூழி."

"உங்க பாட்டி வீடு ஓலை வீடுல்லா மாமா? ஓலைச் சுவரை எதுக்கு இடிக்கணும்?"

"பெண்ணுங்க இதிலே வாய் திறந்து மிண்டப்படாது," என்றார் மாமா, மிகுந்த அமைதியோடு.

பிஜி திரும்பி அடுக்களைக்கு வந்தாள். நாலைந்து செங்கல் போயிருந்தது. முதல்முறையாக அந்த மூலையில் வெளிச்சம் விழுந்தது. கரியேறிய அடுப்புத் திண்டு, கரண்டிகள், ஒட்டடை, எல்லாம் வெட்கப்பட்டதுபோலத் தெரிந்தன. சிபி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். "அக்கா, மேலே லிண்டல் இல்ல. இனியும் இடிச்சா கூரை அம்மையோட கூட வரும்."

"அப்பிடியாவது ஒரு நியாயம் நடக்கட்டு," என்றாள் பிஜி.

உண்மை சொல்லிப் பார்த்தாயிற்று. உண்மை இங்கே எடுபடவில்லை. அதற்குச் சான்று வேண்டும், பெரியவர் வேண்டும், லைவில் நல்ல வெளிச்சம் வேண்டும். பொய்க்கு ஒரு சிரட்டையும் ஒரு போனும் போதும். அவள் உள்ளங்கையைச் சேலை முந்தானையில் துடைத்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"சாறே," என்றாள். குரல் மாறியிருந்தது, அவளுக்கே தெரிந்தது. "அம்மை உங்ககிட்ட மீதியைச் சொல்லல்லியா?"

சாறு போனைத் தூக்கினார். "மீதியா?"

"ஆஸ்பத்திரியில என்னைப் பிடிச்சு உட்கார வச்சுச் சொன்னா. நீங்க வந்த அன்னைக்குச் சொல்லப்படாதாம். சாவுக்குத் தலைமாட்டில நின்னுதான் சொல்லணுமாம்."

டார்பாய்க்குக் கீழே நாற்காலிகள் அவள் பக்கம் திரும்பின. வாசலுக்கு வந்த பாக்கியம் மாமி தலையைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

"சுவரு இடிக்கியது உயிருக்காக்கும், உடம்புக்கு இல்ல. உயிரு போக எவ்வளவு வழி வேணும்? ரெண்டு முழம் அகலம், ஒண்ணரை முழம் உயரம். அதுக்கு மேலே ஒரு செங்கல் எடுத்தாலும் எடுத்தவனுக்குச் சீட்டு கிடைக்காது."

"என்ன சீட்டு?" என்றான் ரெஜித் சட்டென்று.

"அம்மை சீட்டுன்னுதான் சொன்னா. எனக்கு அறியாது."

ரெஜித் உள்ளே ஓடினான். "எலே சிபி! நிறுத்துலே!"

"அது சன்னல் அளவாக்கும்," என்று உள்ளேயிருந்து சிபியின் குரல் வந்தது. "அத அப்பவே சொல்லப்படாதா?"

"உடம்பு முன்வாசல் வழி போகணும்," பிஜி தொடர்ந்தாள். "தலை நிமிர்த்தி. நடைப்படி வழி. பெண்ணா இருந்தா கண்டிப்பா. அப்புறம்..." அவள் நிறுத்தினாள். அம்மையும் இப்படித்தான் நிறுத்துவாள். எதிரில் இருப்பவன் வாயைப் பிளக்க நேரம் கொடுப்பாள். "அப்புறம், கதையை முதல்ல கேட்டு எழுதின ஆணு, பிணம் நடையைத் தாண்டுயதுக்கு முன்னே இங்கேருந்து போயிடணும்."

"போயிட...?"

"நடந்தாக்கும். வண்டி ஏறப்படாது. மிண்டப்படாது. திரும்பிப் பாக்கப்படாது. நெய்யாற்றுப் பாலம் கடக்கும்வரை."

சாறு முக்குப் பக்கம் எட்டிப் பார்த்தார். அமரவிளை தாண்டிப் பாலம் வரை நெடுஞ்சாலையில் லாரிகள் புகை கக்கிக்கொண்டு போகும். அவருடைய கார் முக்கில் நிழல் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தது.

"திரும்பிப் பார்த்தால்?"

"பாக்கியத்தி எடுத்துருவா."

"எதை?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல. ஆம்பிளைக்குப் புட்டுக்குடம் இல்லியே, வேற என்னத்த எடுப்பான்னு கேட்டேன். அம்மை வாயைப் பொத்திட்டுச் சிரிச்சா. அவ்வளவுதான்."

டார்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காலை மாற்றிப் போட்டார்கள். செல்லையன் மாமா சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "அது உண்டு," என்றார். "எனக்க பாட்டி சாவுக்கும் ஒருத்தன் நடந்து போனான். ஓர்மை உண்டு."

சாறு தன் போனைப் பார்த்தார். ஏதாவது ஒரு சந்தேகம், ஒரு மறுப்பு, ஒரு ஆய்வுக் கேள்வி அங்கிருந்து வந்து தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தாரோ என்னவோ. எட்டு வாரமாக யாரையும் எதையும் சந்தேகப்பட விடாமல் பழக்கியிருந்தார். கைகூப்பும் படங்கள்தான் வந்தன. 'ப்ளீஸ் டூ இட் சார்' என்று துபாயிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்.

"இது... பதிவாகாத சடங்கு," என்றார் மெதுவாக.

"சாறே, மிண்டப்படாது," என்றாள் பிஜி. "தொடங்கியாச்சு."

அவர் வாயை மூடினார். எட்டு வாரத்தில் அதுவே முதல் தடவை. முக்காலியைக் கக்கத்தில் இடுக்கினார். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார், சாலையைப் பார்த்தபடி. திரும்பாமல் நடந்தார். கூட்டம் எழுந்து வழி விட்டது, சிலர் கும்பிட்டார்கள். வேலித் திருப்பத்தில் அவருடைய செருப்பு ஒன்று சகதியில் மாட்டிக் கழன்றது. குனிந்து எடுக்கத் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு கணம் நின்றார். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு நெய்யாற்றை நோக்கிப் போனார் தொன்மத்தின் பேராசிரியர்.

"மகா மனுசன்," என்றாள் பாக்கியம் மாமி.

அதற்குப் பிறகு எல்லாம் எல்லா வீட்டையும்போல நடந்தது. பெட்டியைத் திறந்து அம்மையை வெளியே எடுத்தார்கள். நெற்றியில் திருநீறு இட்டார்கள். ஒவ்வொருவராகக் கோடி போட்டார்கள். பிஜி வாய்க்கரிசி போடும்போது அம்மையின் உதட்டோரம் குளிரில் இழுத்து ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என்னவோ சொல்ல ஆரம்பித்து, நேரம் கொடுக்க நிறுத்தினவளைப்போல. பிஜி அரிசியைப் போட்டுவிட்டுக் கையை உடனே எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினபிறகுதான் நகர்ந்தாள்.

வீட்டுக்குத் தெற்கே, வளவுக்குள்ளேயே பிணம் எரிக்கிற கேஸ் வண்டி வந்து நின்று குழாய் பூட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் பாடையைத் தூக்கினார்கள். முன்னால் செல்லையன் மாமாவும் ரெஜித்தும், பின்னால் சிபியும் இன்னொருவனும். சிபியின் தலையில் செங்கல் பூழி. முன்னறையைக் கடந்து நடைக்கு வந்தார்கள். முன்வாசலுக்கு வெளியே, விடியற்காலை பெய்த மழையில் மூன்று படியும் பாசியோடு மினுங்கின.

அங்கே நின்றுவிட்டார்கள்.

யாரும் இறங்கவில்லை. ரெஜித் தோளில் அம்மையோடு கழுத்தைத் திருப்பித் தங்கையைத் தேடினான். அவன் முகத்தில் தேர்தல் இல்லை. பயந்த ஒரு பிள்ளையின் முகம்தான் இருந்தது, அதை அவள் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

"பிஜி," என்றான் தாழ்ந்த குரலில். "எந்தக் காலை முதல்ல வைக்கணும்?"

மாமாவும் பார்த்தார். சிபியும் பார்த்தான். முற்றம் முழுவதும் அவளைப் பார்த்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல ஒரு பொய்யும் கையில் இல்லை. படியைப் பார்த்தாள். அம்மையின் கால்கள் இரண்டும் பெருவிரலோடு சேர்த்துக் கட்டி, வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"வழுக்கும்," என்றாள். "பாத்துப் போங்க."

செல்லையன் மாமா கண்களை மூடினார். "வழுக்கும், பாத்துப் போங்க," என்று நிறுத்தி, அழுத்திச் சொன்னார். ரெஜித் அதையே சொன்னான். பின்னால் நின்ற இருவரும் சொன்னார்கள். பாக்கியம் மாமி மூக்குறிஞ்சிக்கொண்டு சொன்னாள். முற்றத்தில் நின்றவர்கள் ஒரே குரலாக வாங்கிக்கொண்டார்கள். வழுக்கும், பாத்துப் போங்க. வழுக்கும், பாத்துப் போங்க. அந்தத் தாளத்துக்கு நாலு பேரின் கால்களும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகப் பதிந்து, படி படியாக இறங்கின.

பாடை ஒரு பக்கமும் சாயவில்லை.